பர்மிங்ஹாம் நியூ ஸ்ட்ரீட்டில் தொலையாமல் ரயில் பிடிப்பது எப்படி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நியூ ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் வழி தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றால் அது உங்கள் தப்பு இல்லை. கட்டடம் அப்படி. 75 கோடி பவுண்டு செலவழித்துப் புதுப்பித்த ஸ்டேஷனைப் பற்றி ஒரு நர்ஸ் இப்படிப் பேசலாமா என்றால், தாராளமாகப் பேசலாம். எனக்கு வீடு கோவென்ட்ரியில், வேலை யூனிவர்சிட்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். நடுவில் நியூ ஸ்ட்ரீட்டில் இறங்கி மாறியே ஆக வேண்டும். விடிகாலையிலும் பார்த்திருக்கிறேன், ஆபீஸ் விடும் நெரிசலிலும் பார்த்திருக்கிறேன். செப்டம்பர் வந்தால் ஊரிலிருந்து புதிதாகப் படிக்க வந்த பிள்ளைகள் வரிசையாக போன் செய்வார்கள். "அக்கா, ஒரு பெரிய காளை மாட்டுக்குக் கீழ நிக்கிறேன், இப்ப எந்தப் பக்கம் போகணும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன்.

கட்டடத்தின் கதை கொஞ்சம் தெரிந்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். 1854இல் திறந்தபோது இந்த ஸ்டேஷனுக்கு இரும்பும் கண்ணாடியுமாக ஒரே வீச்சில் பெரிய வளைவுக் கூரை இருந்தது. 1868இல் லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் வரும்வரை அவ்வளவு அகலமான கூரை உலகத்தில் வேறு இல்லை. இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து சேதமானது, போருக்குப் பிறகு கழற்றி எடுத்துவிட்டார்கள். 1960களில் தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுத்தபோது ஸ்டேஷனையே இடித்துக் கட்டினார்கள். 1967இல் முடிந்த அந்த வேலையில்தான் இன்றைய வினையெல்லாம் ஆரம்பம். தண்டவாளத்துக்கு மேலே கான்கிரீட் தளம் போட்டு மூடி, அதன்மேல் கடைத்தெருவும் கார் நிறுத்துமிடமும் கட்டினார்கள். பிளாட்பாரம் எல்லாம் தளத்துக்கு அடியில் போய்விட்டது. ஒரு நாளைக்குச் சுமார் 650 ரயில், 60,000 பயணிகள் என்று கணக்குப் போட்டுக் கட்டியது அது. 2008 வாக்கில் பயணிகள் அதைப் போல இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டார்கள்.

அப்புறம்தான் இப்போதைய புதுப்பிப்பு. ரயில்களை ஓடவிட்டுக்கொண்டே செய்தார்கள், அதைப் பாராட்டத்தான் வேண்டும். பழைய கார் நிறுத்துமிடத்தை முதலில் ஹாலாக மாற்றி 2013 ஏப்ரலில் திறந்தார்கள். கூட்டத்தை அங்கே திருப்பிவிட்டு மீதிப் பாதியை எடுத்துக்கொண்டார்கள். 2015 செப்டம்பர் 20ஆம் தேதி முழு ஹாலும் திறந்தது. தலைக்கு மேலே வெளிச்சம் ஊடுருவும் பிளாஸ்டிக் படலக் கூரை, வெளியே சுற்றிலும் கண்ணாடி போலப் பளபளக்கும் எவர்சில்வர் சுவர். லண்டன் யூஸ்டன் ஹாலைப் போல ஐந்து மடங்கு என்று அப்போது பெருமையாகச் சொன்னார்கள்.

எல்லாம் சரி, கீழே? அதே 12 பிளாட்பாரம், அதே தூண்கள், அதே குறுகல். புது எஸ்கலேட்டர், புது லிஃப்ட், புது விளக்கு போட்டார்கள். வெயில் மட்டும் கீழே எட்டவில்லை. தண்டவாளத்தையும் கூட்ட முடியவில்லை, ஏனென்றால் ஸ்டேஷனின் இரண்டு முனையிலும் சுரங்கம். கிழக்கே நாலு தடம், மேற்கே நாலு தடம், அவ்வளவுதான் வழி. அடுப்படியை அப்படியே விட்டுவிட்டு வாசல் ஹாலுக்கு மட்டும் கிரானைட் போட்ட வீடு மாதிரி ஆகிவிட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும். நீங்கள் நிற்கும் அழகான ஹால் வேறு, ரயில் நிற்கும் இடம் வேறு. இரண்டையும் சேர்க்கும் வழியில்தான் எல்லோரும் தொலைகிறார்கள்.

கிளம்பும் முன்

உங்கள் ரயில் நியூ ஸ்ட்ரீட்டிலிருந்துதான் போகிறதா என்று முதலில் பாருங்கள். நகர நடுவில் மூன்று ஸ்டேஷன் இருக்கிறது: நியூ ஸ்ட்ரீட், மூர் ஸ்ட்ரீட், ஸ்னோ ஹில். லண்டன் யூஸ்டன் போகிற ரயில் நியூ ஸ்ட்ரீட்டில், லண்டன் மேரில்போன் போகிறது மூர் ஸ்ட்ரீட்டில். வாரிக், ஸ்ட்ராட்ஃபோர்ட் அப்பான் ஏவன் பார்க்கப் போகிறவர்களுக்கும் மூர் ஸ்ட்ரீட்தான் வசதி. டிக்கெட்டில் "பர்மிங்ஹாம் ஸ்டேஷன்ஸ்" என்று பொதுவாகப் போட்டிருக்கும், அது மூன்றுக்கும் செல்லும். அதைப் பார்த்து எந்த ஸ்டேஷன் என்று முடிவு செய்யாதீர்கள். ரயில் நேரம் காட்டும் செயலியில் ஸ்டேஷன் பெயரைப் படியுங்கள். குறிப்பிட்ட கம்பெனி ரயிலுக்கு மட்டும் என்று வாங்கிய மலிவு டிக்கெட்டாக இருந்தால் வேறு கம்பெனி ரயிலில் ஏற முடியாது, அதையும் கவனியுங்கள்.

நாலாவதாக ஒரு பெயர் வேறு குழப்பும். பர்மிங்ஹாம் இன்டர்நேஷனல் என்பது விமான நிலையத்தின் ஸ்டேஷன், ஊருக்கு வெளியே. துபாய் வழியாக வந்து இறங்கும் அப்பா அம்மாவிடம் "பர்மிங்ஹாம்ல இறங்குங்க" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். விமான நிலையத்திலிருந்து இன்டர்நேஷனல் ஸ்டேஷனுக்குக் காசில்லாத குட்டி ரயில் ஓடுகிறது. அதில் வந்து, நியூ ஸ்ட்ரீட் போகும் ரயிலில் ஏற வேண்டும் என்று முழுசாகச் சொல்லுங்கள்.

உள்ளே நுழைவது

வெளியிலிருந்து பார்த்தால் இது ஸ்டேஷன் மாதிரியே இருக்காது, மால் மாதிரி இருக்கும். பாதி மால்தான். ஹாலுக்கு மேல்தளத்தில் கிராண்ட் சென்ட்ரல் கடைகள். ஸ்டேஷனோடு சேர்த்துத் திறந்த பெரிய ஜான் லூயிஸ் கடை ஐந்து வருஷம்கூடத் தாங்கவில்லை, 2020இல் மூடிவிட்டார்கள். வாசல்கள் பல திசையில் இருக்கின்றன. டிராம் நிற்கும் ஸ்டீஃபன்சன் ஸ்ட்ரீட் பக்கம் ஒன்று, புல் ரிங் கடைகளின் பக்கம் ஒன்று, எதிர்ப்புறம் ஹில் ஸ்ட்ரீட் பக்கம் ஒன்று. கண் வடிவத்தில் பெரிய விளம்பரத் திரை வைத்திருக்கிறார்களே, அது ஒன்று இல்லை, மூன்று. "கண்ணுக்குக் கீழ நில்லு" என்று நண்பனிடம் சொன்னால் ஆளுக்கொரு கண்ணுக்குக் கீழே நிற்பீர்கள். எல்லாப் பக்கமும் அதே எவர்சில்வர், அதே வளைவு. ஒரு கட்டடத்தைச் சுற்றி நடப்பவருக்கு முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரிய வேண்டாமா?

சந்திக்கும் இடம் என்றால் காளை. 2022 காமன்வெல்த் விளையாட்டுத் தொடக்க விழாவில் வந்த இயந்திரக் காளையை 2023இல் ஹாலில் கொண்டுவந்து வைத்தார்கள். மக்கள் ஓட்டுப் போட்டு ஆஸி என்று பெயர் வைத்தார்கள். உயரமானது, தலையை ஆட்டும், எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். நிஜத்தில் இந்த ஸ்டேஷனுக்கு ஓர் அடையாளப் புள்ளி கொடுத்தது அந்த மாடுதான், புதுப்பித்து எட்டு வருஷம் கழித்து.

ஹாலில் நடமாடும் கூட்டத்தைப் பின்தொடராதீர்கள். அதில் பாதிப் பேர் ரயிலுக்கு வந்தவர்களே இல்லை. ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்குக் குறுக்கே போகிறவர்கள். பழைய ஸ்டேஷன் நகரத்தை நடுவில் வெட்டிப் போட்டிருந்தது, இப்போது டிக்கெட் இல்லாமலேயே யாரும் நடந்து கடக்கலாம். ஊருக்கு அது நல்லது. முதல் தடவை வருகிறவருக்கு மட்டும் தலை சுற்றும்.

போர்டு பார்ப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். புறப்பாடு போர்டில் மூன்று விஷயம் எடுக்க வேண்டும்: ரயில், நிறம், எண்ணோடு ஒட்டிய எழுத்து.

ரயிலைக் கடைசி ஊர் பெயரில்தான் போடுவார்கள். யூனிவர்சிட்டிக்குப் போக வேண்டுமென்றால் போர்டில் யூனிவர்சிட்டி என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள், ரெடிட்ச் அல்லது பிராம்ஸ்குரோவ் என்று தேடுங்கள். ஹெரிஃபர்டு ரயிலும் அங்கே நிற்கும். அதே தடத்தில் எதிர்த் திசையில் போவது லிச்ஃபீல்டு. கோவென்ட்ரிக்கும் இன்டர்நேஷனலுக்கும் லண்டன் யூஸ்டன் ரயில் பெரும்பாலும் போதும். ஆனால் ஒவ்வொரு ரயிலுக்கும் கீழே நிற்கும் ஊர்கள் ஓடும், அதில் உங்கள் ஊர் வருகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். டிவிடேல் பாலாஜி கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். கிட்டத்து ஸ்டேஷன் டட்லி போர்ட். வுல்வர்ஹாம்ப்டன் பக்கம் போகும் எல்லா ரயிலும் அந்த வழியாகத்தான் போகும், எல்லாம் அங்கே நிற்காது. வேகமான ரயிலில் ஏறினால் கோயிலைத் தாண்டி வுல்வர்ஹாம்ப்டனில்தான் இறங்குவீர்கள். டட்லி போர்ட்டில் இறங்கி டாக்ஸி பிடிப்பது வயசானவர்களுக்கு நல்லது.

அடுத்தது நிறம். ஹாலைச் சுற்றி சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று காத்திருப்புக் கூடம். லவுஞ்ச் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி டிக்கெட் கேட், தனி எஸ்கலேட்டர். உங்கள் ரயிலுக்கு எந்த நிறம் என்று போர்டு காட்டும். அந்த நிறத்துக்குப் போங்கள். எண்ணை மட்டும் படித்துவிட்டுக் கண்ணில் பட்ட முதல் கேட்டில் நுழைவதுதான் எல்லோரும் செய்வது. எண் தெரிந்தால் போதும் என்றுதான் உலகத்தில் எந்த ஸ்டேஷனிலும் பழக்கம், அந்தப் பழக்கம் இங்கே உதவாது. கூட்டத்தை மூன்றாகப் பிரித்தால் நெரிசல் குறையும் என்று யோசித்திருக்கிறார்கள். காகிதத்தில் நல்ல யோசனை. கையில் இரண்டு பெட்டியோடு, மூன்று நிமிஷம் மிச்சமிருக்கும்போது, நிறத்தை யார் யோசிப்பார்கள்?

மூன்றாவது எழுத்து. இது தெரியாமல்தான் நிறையப் பேர் வேறு ஊருக்குப் போகிறார்கள். ஒவ்வொரு பிளாட்பாரமும் நீளவாக்கில் இரண்டு. கிழக்குப் பாதி ஏ, மேற்குப் பாதி பி. பிளாட்பாரம் போதாத ஸ்டேஷன் என்பதால் ஒரே பிளாட்பாரத்தில் ஒன்றின்பின் ஒன்றாக இரண்டு ரயிலை நிறுத்துவார்கள். 10ஏ ஒரு ஊருக்கு, 10பி இன்னொரு ஊருக்கு. வெறும் 10 என்று நினைத்துக்கொண்டு இறங்கினால், கண்முன்னே நிற்கும் ரயில் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பையன் முதல் வாரமே அப்படி ஏறி, கதவு மூடிய பிறகு உள்ளே ஓடும் ஊர்ப் பெயர்களைப் பார்த்துக் கதிகலங்கி எனக்கு போன் செய்தான். அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வா என்றேன், வேறென்ன சொல்வது. எழுத்தே இல்லாமல் எண் மட்டும் இருந்தால் நீளமான ரயில், முழுப் பிளாட்பாரத்தையும் எடுத்துக்கொள்ளும். 4சி என்று ஒன்று இருக்கிறது, அது தனியாக ஒரு முட்டுத்தடம். அது போட்டிருந்தால் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பி வழிகாட்டிப் பலகையைப் பார்த்துக்கொண்டே போங்கள்.

ஏறும் முன் ரயிலின் பக்கவாட்டுத் திரையையும், அந்தப் பாதிப் பிளாட்பாரத்துக்கு மேலே தொங்கும் திரையையும் படியுங்கள். "இது எந்தத் திசையில் போகும்" என்று பார்த்துக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். வுல்வர்ஹாம்ப்டன் போவதும் யூனிவர்சிட்டி போவதும் ஒரே மேற்கு முனை வழியாகத்தான் வெளியே போகின்றன. சில ரயில்கள் வந்த பக்கமே திரும்பிப் போகும். முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தவர் பின்னால் பார்த்துப் போவார், பயப்பட வேண்டாம்.

கீழே இறங்குவது

எப்போது இறங்குவது? பிளாட்பாரம் எண் வந்ததும் கேட் தாண்டி லவுஞ்சில் உட்காருங்கள். பத்து நிமிஷத்துக்கு முன்னால் கீழே போய் நிற்பதில் லாபமில்லை. பிளாட்பாரம் குறுகல், தூணுக்கும் எஸ்கலேட்டருக்கும் நடுவில் இடம் கொஞ்சம்தான். ஒரு ரயில் கூட்டம் இறங்கினால் நீங்கள் பெட்டியோடு சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். அதோடு புகை. தடத்துக்கு மின்சாரம் வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் டீசல் ரயில்கள் இங்கே நிறைய வருகின்றன, நிற்கும்போதும் எஞ்சின் ஓடும். மேலே கான்கிரீட் மூடி. பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பிளாட்பாரத்துக் காற்றை அளந்து நைட்ரஜன் டை ஆக்சைடு அதிகமாக இருப்பதைக் காட்டினார்கள். விசிறிகள் வைத்திருக்கிறார்கள், ஆனாலும் வாடை தெரியும். ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள் மேலேயே காத்திருங்கள். இதை நர்ஸாகச் சொல்கிறேன்.

ரொம்பக் கடைசி நிமிஷமும் வேண்டாம். புறப்படும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே கதவைப் பூட்டிவிடுவார்கள். ஐந்து நிமிஷம் இருக்கும்போது இறங்குங்கள், பெட்டி இருந்தால் ஏழெட்டு. பெரிய பெட்டிக்கு லிஃப்ட்தான். நெரிசலில் லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டி வரும், அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சக்கர நாற்காலி தேவைப்படும் பெரியவர்களுக்கு உதவியை முன்கூட்டியே பதிவு செய்யலாம், காசு கிடையாது. கூச்சப்படாமல் பதிவு செய்யுங்கள்.

இன்னொன்று, நம்ம ஊர் மாதிரி பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் வரை போய் வழியனுப்பலாம் என்று நினைக்காதீர்கள். டிக்கெட் இல்லாதவருக்குக் கேட் திறக்காது. அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, தனியாக லண்டன் போகிறார் என்றால் கேட்டில் நிற்கும் ஊழியரிடம் கேளுங்கள். நான் பார்த்தவரை நிறையப் பேர் மனிதத்தன்மையோடு உள்ளே விடுகிறார்கள். அது அவர்கள் மனசு, உரிமை இல்லை.

ரயில் மாறுவது

என் தினப்படிப் பாடு இது. ரயிலிலிருந்து இறங்கியதும் கூட்டத்தோடு எஸ்கலேட்டரில் ஏறிவிடாதீர்கள். பிளாட்பாரத்திலேயே ஒரு திரையைத் தேடி அடுத்த ரயில் எங்கே என்று பாருங்கள். அதே பிளாட்பாரத்தின் இன்னொரு பாதியில் இருந்தால் அப்படியே நடந்து போகலாம், மேலே ஏற வேண்டியதே இல்லை. வேறு பிளாட்பாரம் என்றால் மேலே லவுஞ்சுக்கு வந்து, கேட்டைத் தாண்டும் முன் அந்த லவுஞ்சிலிருந்தே அங்கே இறங்க முடியுமா என்று பலகையில் பாருங்கள். முடியாவிட்டால் கேட்டுக்கு வெளியே வந்து, ஹாலைக் கடந்து, வேறு நிறக் கேட்டில் மறுபடி நுழைய வேண்டும். டிக்கெட்டைப் பெட்டிக்குள் பத்திரமாக வைக்காமல் கையிலேயே வைத்திருங்கள். போனில் டிக்கெட் என்றால் சார்ஜ் இருக்க வேண்டும். செயலி "மாறுவதற்கு நேரம் போதும்" என்று காட்டினாலும், கையில் சாமானோடு வரும்போது அடுத்த ரயிலையும் பார்த்து வைத்துக்கொள்வேன். கடைசி நேரத்தில் பிளாட்பாரம் மாற்றி அறிவிப்பது இங்கே சகஜம். அறிவிப்பு காதில் விழாது, கான்கிரீட்டுக்கு அடியில் எல்லாம் எதிரொலி. திரையை நம்புங்கள்.

இவ்வளவு எழுதியதற்காக 2015இல் செய்ததெல்லாம் வீண் என்று சொல்ல மாட்டேன். பழைய ஹாலில் நின்றவர்களைக் கேட்டால் இது சொர்க்கம் என்பார்கள். ஆனால் ஹாலையும் கடையையும் வரைந்தவர்கள், கீழே ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வரைந்திருக்கலாம். வெளித்தோற்றத்தையும் ஏட்ரியம் என்கிற அந்த உயரமான நடு ஹாலையும் வடிவமைத்த கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ சயேரா-போலோவே உள்வேலைப்பாட்டை மாற்றியதை எதிர்த்து 2014இல் விலகிக்கொண்டார். அவர் கவலையும் பெரும்பாலும் மேலே தெரியும் அழகைப் பற்றித்தான். பெரிய மாற்றம் எதுவும் வேண்டாம், செலவில்லாமல் செய்யக்கூடியதே இருக்கிறது. கேட்டுக்கு முன்னால் "இந்த வழியில் எந்தெந்தப் பிளாட்பாரம், எந்தப் பாதி" என்று ஆள் உயர எழுத்தில் எழுதலாம். ஏ, பி என்பதை எண்ணின் வாலில் குட்டியாகப் போடாமல் எண் அளவுக்கே பெரிதாகப் போடலாம். டீசல் ரயில்கள் நிற்கும் நேரத்தைக் குறைக்கலாம்.

அதிவேக ரயிலுக்காக மூர் ஸ்ட்ரீட் பக்கத்தில் கர்சன் ஸ்ட்ரீட் என்று ஏழு பிளாட்பாரத்தோடு புது ஸ்டேஷன் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது திறந்தால் நகர நடுவில் நாலு ஸ்டேஷன். அதில் இறங்கி யூனிவர்சிட்டி போகிற பிள்ளை மறுபடி நியூ ஸ்ட்ரீட்டுக்கு நடந்துதான் வர வேண்டும். மூர் ஸ்ட்ரீட்டிலிருந்து வழி இப்போதே பழகிக்கொள்ளலாம். வாசலில் இறங்கி, சாலைக்கு அடியில் போகும் நடைபாதையைப் பிடித்தால் நியூ ஸ்ட்ரீட்டின் புல் ரிங் பக்க வாசலுக்கு வந்துவிடும். பெட்டி இல்லாமல் ஐந்து நிமிஷம், பெட்டியோடு பத்து. மழையில் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.